"நாளைக்கே வா" என்று சொன்னால் இன்றைக்கே என்ன கேட்க வேண்டும்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நிர்வாகக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மாதம் சேமிப்பு, கடன், வட்டி பற்றிப் பேசப் போவதில்லை. நம் பிள்ளைகளின் வேலை பற்றிப் பேசப் போகிறோம். ப்ளஸ் டூ, டிகிரி, ஐ.டி.ஐ. முடித்த பெண்கள் இன்று நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். இன்டர்வியூவுக்குப் போகிறார்கள். சில இடத்தில் பத்து நிமிஷம்கூட ஆவதில்லை. "செலக்ட் ஆயிட்டே, நாளைக்கே பெட்டியோட வா" என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் ஒரே சந்தோஷம். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் நாம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. இந்தத் தப்பை நாங்களே செய்திருக்கிறோம். அதனால்தான் சொல்கிறோம்.

நாங்கள் செய்த தப்பு

மூன்று வருஷத்துக்கு முன்னால், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த சமயம். வெளி மாவட்டத்துக் கம்பெனியிலிருந்து வருகிறோம் என்று இரண்டு பேர் நம் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வந்தார்கள். "உங்க குழுப் பெண்களோட பிள்ளைகளுக்கு வேலை தர்றோம். மாசம் 12,000 ரூபாய். கம்ப்யூட்டர் வேலை. தங்க இடம், சாப்பாடு எல்லாம் உண்டு" என்றார்கள். நமக்கு வாயெல்லாம் பல்லு. ஒவ்வொரு குழுவுக்கும் போன் போட்டு நாங்களே பிள்ளைகளை வரவழைத்தோம். இதே ஹாலில், இதே பெஞ்சில் உட்கார்ந்து இன்டர்வியூ நடந்தது. ஒரு மணி நேரத்தில் 15 பேர் தேர்வு. மறுநாள் விடிகாலை வேன் வரும் என்றார்கள். நாங்கள் கை தட்டினோம்.

அன்றைக்கு ஒரே ஒரு அக்கா மட்டும் எழுந்து நின்றார். கூலி வேலைக்குப் போகிறவர். அதிகம் படிக்காதவர். தன் மகளைப் பார்த்து, "உன்கிட்ட என்ன கேட்டாங்க?" என்றார். "பேரு, ஊரு, வயசு, அப்பா என்ன பண்றாங்க. அவ்வளவுதாம்மா" என்றது அந்தப் பெண். "கம்ப்யூட்டர் வேலைன்னாங்களே, கம்ப்யூட்டர் தெரியுமான்னு கேட்கலையா?" என்றார் அக்கா. கேட்கவில்லை. "அப்ப எனக்கு யோசிக்க ரெண்டு நாள் வேணும்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? "வர்ற லட்சுமியைக் காலால உதைக்காதீங்க அக்கா" என்று அவரைச் சத்தம் போட்டோம். டெபாசிட், யூனிபார்ம் என்று கேட்டார்களே, அதற்காக இரண்டு குடும்பத்துக்குக் குழுவிலிருந்து 3,000 ரூபாய் கடனும் கொடுத்தோம்.

14 பேர் போனார்கள். மூன்று மாசத்துக்குள் 9 பேர் திரும்பி வந்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் வேலை இல்லை, பேக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். சாயந்திரம் ஷிப்ட் முடிந்தாலும் "ஆர்டர் அவசரம்" என்று இரவு வரைக்கும் நிறுத்திவைப்பார்கள். அசல் சர்டிபிகேட்டை முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதைத் திரும்ப வாங்க நாங்கள் மூன்று தடவை பஸ் ஏறிப் போக வேண்டியதாயிற்று. அதற்குள் ஒரு பெண்ணுக்குக் காலேஜ் அட்மிஷன் தேதியே போய்விட்டது. ஒரு வருஷப் படிப்பு வீணானது. அந்தத் தாய் இன்றைக்கும் எங்களைத் திட்டியதில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துப் பேச எங்களுக்கு ரொம்ப நாள் ஆனது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 5 பேர் அங்கேயே தொடர்ந்தார்கள். அதில் இருவர் இன்றைக்கு சூப்பர்வைசர். ஆகவே போனவர்கள் எல்லோரும் கெட்டுப்போனார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. என்ன வேலை, என்ன சம்பளம் என்று தெரிந்து போயிருந்தால், போகிறவர்கள் மனசு தெளிந்து போயிருப்பார்கள். வேண்டாம் என்கிறவர்கள் வீட்டிலேயே நின்று படித்திருப்பார்கள்.

500 ரூபாய்க்கு அத்தனை கேள்வி

நம் குழுவில் ஒரு உறுப்பினர் 500 ரூபாய் கடன் கேட்டால் என்ன செய்கிறோம்? எதற்கு, எப்படித் திருப்புவீங்க, போன கடன் முடிஞ்சதா, யார் பொறுப்பு என்று சுற்றி உட்கார்ந்து கேட்கிறோம். தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். 500 ரூபாய்க்கு அத்தனை கேள்வி கேட்கிற நாம், பெற்ற பிள்ளையின் இரண்டு மூன்று வருஷ உழைப்பை ஒரு கேள்விகூடக் கேட்காமல் கொடுத்துவிடலாமா?

இன்டர்வியூ என்றால் அவர்கள்தான் கேட்பார்கள், நாம் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. அவர்கள் நம் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி, நாமும் அவர்கள் கம்பெனியைப் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு சீக்கிரம்?

சீக்கிரம் வேலை கிடைத்தாலே மோசடி என்று அர்த்தமில்லை. அவசரத்துக்கு நல்ல காரணமும் இருக்கும், கெட்ட காரணமும் இருக்கும். எது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

நல்ல காரணங்கள்: அந்த இடத்தில் இருந்தவர் கல்யாணம், பிரசவம் என்று விலகியிருப்பார். தீபாவளி, பொங்கல் வியாபாரத்துக்கு ஜவுளிக்கடையில் ஆள் தேவைப்படும். புதுக் கிளை திறப்பார்கள். நம் பிள்ளைக்கு டேலி, தையல் என்று அவர்களுக்கு வேண்டிய தொழில் தெரிந்திருக்கும்.

கெட்ட காரணங்கள்: வேலைக்கு வருகிறவர்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பார்கள், அதனால் யார் வந்தாலும் எடுப்பார்கள். ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் இருக்கும். அவருக்கு நம் பிள்ளை வேனில் ஏறினால் போதும். சொன்ன வேலை ஒன்று, கொடுக்கிற வேலை வேறாக இருக்கும். இன்னும் சில இடத்தில் வேலையே இருக்காது, டெபாசிட் பணம் வாங்குவதுதான் அவர்கள் தொழிலாக இருக்கும்.

நம் பக்கத்துக்கு இது புதுசில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து மில்களில் சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி என்று நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் வந்த எத்தனையோ பெண்களுக்கு அந்த மொத்தப் பணம் கிடைக்கவில்லை. அங்கேயும் ஆள் எடுத்தது வேகமாகத்தான். வெளியே வருவதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் டயம் கேளுங்கள்

வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னதும் அங்கேயே "சரி" சொல்ல வேண்டாம். "மாட்டேன்" என்றும் சொல்ல வேண்டாம். மரியாதையாக இப்படிச் சொல்லச் சொல்லுங்கள்:

"ரொம்ப சந்தோஷம் சார். வீட்டில் கலந்து பேசிட்டு நாளைக்கு மத்தியானத்துக்குள் சொல்லிடறேன். வேலை விவரமும் சம்பள விவரமும் ஒரு பேப்பரில் எழுதிக் கொடுங்க. இல்லேன்னா வாட்ஸ்அப்பில் அனுப்புங்க."

இதைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் நமக்கு. ஆள் உண்மையிலேயே தேவை என்றால் ஒரு நாளில் அவர்கள் மனசு மாறாது. "இப்பவே சொல்லு, இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவோம்" என்று மிரட்டினால் உஷாராகிவிடுங்கள். பதறாத காரியம் சிதறாது.

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

இதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. என்ன வேலை, எந்த இடத்தில்? "ஆபீஸ் வேலை" என்றால் போதாது. காலையில் போனதும் என் பிள்ளை கை என்ன செய்யும்? உட்கார்ந்தா, நின்றா? சம்பளம் கொடுப்பது கம்பெனியா, கான்ட்ராக்டரா?

2. கைக்கு எவ்வளவு வரும்? இதில்தான் நாம் ஏமாந்தோம். 12,000 என்றார்களே, அதைப் பிரித்துப் பார்த்தால் சம்பளம் 9,500. ஒரு நாள்கூட லேட் ஆகாமல் வந்தால் 1,000. மீதி 1,500 ஓவர்டைம் பார்த்தால்தான். ஒரு பெண் முதல் மாசம் ஓவர்டைம் பார்க்கவில்லை. ஒரு நாள் அரை மணி நேரம் லேட். ஆக 9,500 மட்டும். அதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் 1,211. சாப்பாடு, தங்குமிடம் 3,000. யூனிபார்ம், ஷூ 900. கைக்கு வந்தது 4,389 ரூபாய். பி.எஃப். பணம் நம் பிள்ளை பேரில்தான் சேருகிறது, அது நஷ்டமில்லை. ஆனால் 12,000 என்று நம்பிக் கடன் வாங்கிய குடும்பம் 4,389-ஐ வைத்து எப்படித் தவணை கட்டும்?

3. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? பி.எஃப்.புக்கு 12 இலக்க யு.ஏ.என். நம்பர் தருவார்கள். அதை வைத்துப் பணம் கட்டினார்களா என்று போனிலேயே பார்க்கலாம். இ.எஸ்.ஐ.க்கு 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். பிடித்தம் உண்டு, நம்பர் இல்லை என்றால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும்.

4. எத்தனை மணி நேரம், வார லீவு எது, ராத்திரி ஷிப்ட் உண்டா? இரவு வேலை என்றால் பெண்ணின் சம்மதம் வேண்டும். பாதுகாப்புக்கும், போக்குவரத்துக்கும் நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள் புகார் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. "அந்தக் குழுவில் யார் இருக்காங்க?" என்று கேளுங்கள். முறையாக நடத்துகிற இடத்தில் பேர் போட்டு போர்டிலேயே ஒட்டியிருப்பார்கள்.

5. தங்குமிடம் எப்படி? தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளைப் பதிவு செய்ய 2014-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. பதிவு இருக்கிறதா? எந்தக் கிழமையிலும் தாய் தகப்பன் போய்ப் பார்க்கலாமா? பிள்ளை கையில் போன் இருக்குமா? "போன் கூடாது, மாசம் ஒரு தடவைதான் பார்க்கலாம்" என்கிற இடத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் பத்து தடவை யோசியுங்கள்.

6. இந்த இடம் ஏன் காலியானது? இதற்கு முன்னால் இருந்தவர் எத்தனை நாள் வேலை பார்த்தார்? இந்த ஒரு கேள்விக்கு வருகிற பதிலே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

7. பிடிக்காவிட்டால் எப்படி வெளியே வருவது? எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? பாண்டு பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறார்களா? கேட்டால், படித்துத் தெரிந்தவரிடம் காட்டாமல் போடக் கூடாது. அசல் சர்டிபிகேட்டைக் காட்டலாம், சரிபார்க்கச் சொல்லலாம். ஆனால் ஜெராக்ஸ் மட்டும்தான் கொடுத்துவிட்டு வர வேண்டும். முன்பணம் கொடுத்து, அதைச் சொல்லி ஒருவரை வேலையில் கட்டிவைப்பது கொத்தடிமை முறை. 1976-இலேயே சட்டம் போட்டு ஒழித்தாயிற்று.

இத்தனைக்கும் மேலே, நியமனக் கடிதம் கேளுங்கள. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அதன்படி தொழிலாளிக்கு நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம். "அதெல்லாம் ஆபீசருக்குத்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

வேலை என்றால் அவர்கள்தான் நமக்குப் பணம் தர வேண்டும். டெபாசிட், ரிஜிஸ்டர் பீஸ், பயிற்சிக் கட்டணம் என்று நம்மிடம் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். போனில் "வீட்டிலிருந்தே வேலை, தினம் 2,000" என்று மெசேஜ் வரும். முதலில் 150, 200 போட்டுக் காட்டுவார்கள். பிறகு நம் பணத்தைக் கட்டச் சொல்வார்கள். கட்டி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

வெளிநாட்டு வேலையில் இன்னும் கவனம் வேண்டும். 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று போனில் பேசி எடுத்தார்கள். போன இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடி பக்கம் கொண்டுபோய் அடைத்து, ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைத்தார்கள். நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் சிக்கி, அரசாங்கம் மீட்டுக் கொண்டுவந்தது. டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் போகக் கூடாது. அனுப்புகிற ஏஜெண்ட் மத்திய அரசில் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை 1978 முதல் நடத்திவருகிறது. அங்கேயும் விசாரிக்கலாம்.

அந்த அக்கா கதைக்கு வருவோம்

இரண்டு நாள் டயம் கேட்ட அக்காவின் மகளுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். நான்கு மாசம் வீட்டில் இருந்தது. "வந்த வேலையை விட்டுட்டா, இனி கல்யாணம்தான்" என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அக்கா வாய் திறக்கவில்லை. அதற்குள் பிள்ளை டேலி படித்தது.

பிறகு பக்கத்து டவுனில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் பில் போடுகிற வேலைக்கு இன்டர்வியூ. அதுவும் இருபது நிமிஷம்தான். "நாளைக்கே வாம்மா" என்றார்கள். பிள்ளைக்கே பயம் வந்துவிட்டது. அம்மாவும் மகளும் ஒரு நாள் டயம் கேட்டார்கள். "தாராளமா யோசிச்சு வாங்க" என்றார் முதலாளி. சாயந்திரம் கடை விடுகிற நேரத்தில் அக்கா பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார். அந்தக் கடையில் வேலை பார்க்கிற பெண்களிடம் பேச்சுக் கொடுத்தார். "முன்னாடி இருந்த பொண்ணு நாலு வருஷம் இருந்துச்சு. கல்யாணமாகி வெளியூர் போயிடுச்சு. மாசக் கடைசிக் கணக்கு முடிக்க ஆள் இல்லாம தவிக்கிறாங்க. சம்பளம் அஞ்சாம் தேதிக்குள்ள வந்துடும்" என்றார்கள். அந்தப் பிள்ளையிடம் டேலியில் ஒரு பில் போட்டுக் காட்டச் சொல்லித்தான் எடுத்திருந்தார்கள். வேகம் இங்கேயும்தான். ஆனால் காரணம் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் சேர்ந்தது. இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறது.

ஆகவே இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகளை வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள். நம் காலத்தில் நமக்குக் கிடைக்காத வேலையும் சம்பளமும் அவர்களுக்குக் கிடைக்கிறது. அனுப்புங்கள், ஆனால் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கேட்பது நம் வேலை என்றாலும் முடிவு பிள்ளையுடையது. அங்கே போய் நிற்கப்போவது அதன் கால்தான்.

நாம் எடுக்கிற தீர்மானம்

நிர்வாகக் குழு மூன்று விஷயம் முடிவு செய்திருக்கிறது. ஒன்று, வேலைக்கு டெபாசிட் கட்ட இனி எந்தக் குழுவும் கடன் கொடுக்கக் கூடாது. இரண்டு, ஆள் எடுக்க வருகிறவர்கள் கம்பெனி பெயர், விலாசம், வேலை விவரம், சம்பளப் பிரிவினை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால்தான் நம் ஹாலில் இடம். மூன்று, வெளியூர் வேலைக்குப் போகிற பிள்ளையோடு முதல் நாள் குழுவிலிருந்து இரண்டு பேர் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். பஸ் செலவு கூட்டமைப்பு கொடுக்கும்.

ஏற்கெனவே போய்ச் சிக்கலில் இருக்கிற பிள்ளைகள் இருந்தால் 181 மகளிர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள். "நாமதானே அனுப்பினோம், இப்ப எப்படிச் சொல்றது" என்று தயங்க வேண்டாம். அனுப்பியதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று ஒத்துக்கொண்டுதான் இன்றைக்குப் பேசியிருக்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் இந்த ஏழு கேள்வியைத் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வர வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைவிட்டு எழுதச் சொல்லுங்கள். அவர்கள் கையாலேயே எழுதினால் மறக்காது.